கொலுப்படிக்குள் ஒரு கேப்டன்

ஆக்லாந்து விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி முதலில் வெளியே எடுத்தது செட்டியாரைத்தான். தொந்தி தெரிய, மடியில் தராசை வைத்துக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் மளிகைக்கடைச் செட்டியார். மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் செய்த கொலு பொம்மை. வழியெல்லாம் என் உள்பாவாடைகளைப் போர்த்திக்கொண்டு பத்திரமாக வந்தவர், அங்கே எல்லோர் முன்னாலும் அவற்றை உதறிவிட்டு எழுந்தார்.

"இது யார்?" என்றார் அதிகாரி.

"கடைக்காரர்."

"எதில் செய்தது?"

"மண்ணில்."

வெளி மண்ணோடு பூச்சியும் நோயும் வந்துவிடும் என்று பயப்படும் அந்த ஊர் விமான நிலையத்தில் நின்றுகொண்டு மண் என்று சொல்வது, நம் ஊரில் பஸ்ஸுக்குள் பாம்பு என்று சொல்வது மாதிரி. இன்னும் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். இது சூளையில் சுட்ட மண், அந்தச் சூட்டில் புழுவோ முட்டையோ பிழைக்காது, இதை நான் சொன்னால் நம்பலாம், ஏனென்றால் மண்புழுப் பயிற்சிக்காகவே நான் உங்கள் நாட்டுக்கு வந்திருக்கிறேன் என்று விளக்கினேன். மண்புழு என்றதும் நாலாவது அதிகாரியும் வந்துவிட்டார். செட்டியாரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், ஒருவர் முகர்ந்தும் பார்த்தார். கடைசியில் அவரை விட்டுவிட்டு என் செருப்பைக் கழுவக் கொண்டுபோனார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் படிக்கப் போன முதல் ஆள் நான். அப்பா வெங்காய மண்டியில் மூட்டை இறக்குகிறவர். நான் எம்.எஸ்ஸி. விலங்கியல், கல்லூரியில் விரிவுரையாளர். படித்தவள் என்பதை நான் மறப்பதில்லை. அடுத்தவர்களையும் மறக்க விடுவதில்லை. மேய்ச்சல் நிலத்து மண்புழுக்களைப் பற்றி அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆறு வாரப் பயிற்சி கிடைத்தபோது, தங்க இடம் தந்தவள் என் கல்லூரித் தோழியின் அக்கா ராஜேஸ்வரி. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நவராத்திரி வருது. பொம்ம கொண்டு வா. இங்க எங்கிட்ட இருக்கிறது ஒரு பிள்ளையாரும் ஒரு மந்தை ஆட்டுக்குட்டியும்தான்."

ராஜி அக்காவின் வீடு ஆக்லாந்திலேயே த்ரீ கிங்ஸ் என்ற பகுதியில். அக்டோபர் மாதம் அங்கே வசந்தம் என்றார்கள். வசந்தம் என்றால் குளிரும் மழையும், அந்த மழையைப் பக்கவாட்டில் அடிக்கும் காற்றும். முதல் நாள் காலையில் பல்கலைக்கழகம் போக பஸ் நிறுத்தத்தில் குடையோடு கண்ணியமாக நின்றேன். பஸ் வந்தது, போனது. அடுத்ததும் வந்தது, போனது. நம் ஊரில் நிறுத்தத்தில் ஆள் நின்றால் பஸ் கொஞ்சம் தள்ளியாவது நிற்கும், நாம் ஓடலாம். அங்கே கையை நீட்டவேண்டுமாம். கை நீட்டாதவர் மழையை ரசிக்க வந்தவர் என்று டிரைவர் எடுத்துக்கொள்கிறார். பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொன்னார்கள். நானும் சொன்னேன். மதுரையில் இதைச் சொன்னால் டிக்கெட் எடுக்கவில்லையோ என்று கண்டக்டர் சந்தேகப்படுவார்.

அன்று சாயங்காலம்தான் கேப்டனைப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டில் வால்டர் என்ற பெரியவர் தனியாக இருந்தார். கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தோளிலிருந்து முழங்கை வரைக்கும் வால் தொங்க ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. முதுகெல்லாம் நீலம், நெஞ்செல்லாம் மஞ்சள், நெற்றியில் பச்சை, தாடைக்குக் கீழே கறுப்புத் தாடி. நம் ஊர் மிருகக்காட்சிசாலையில் பஞ்சவர்ணக்கிளி என்று பலகை மாட்டுகிறார்களே, அந்த இனம். தென் அமெரிக்காவின் மக்காவ். கன்னம் மட்டும் இறகில்லாத வெள்ளைத் தோல். அதில் மை தொட்டு இழுத்ததுபோல மெல்லிய கறுப்புக் கோடுகள்.

"கேப்டன்," என்று அறிமுகம் செய்தார் வால்டர். "தெற்கே ஒரு துறைமுகத்தில் குஞ்சாக வாங்கினேன். எனக்குத் தலைமுடி இருந்த காலத்திலிருந்து கூட இருக்கிறான்."

பறவையை உள்ளங்கையில் இறக்கி மெதுவாகச் சாய்த்தார். அது மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் மேலே நீட்டி, சொக்கிப்போய்க் கண்ணை மூடியது. குழந்தையைத் தாங்குவதுபோலப் பிடித்துக்கொண்டார். "இதைச் செய்ய எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. முழுசாக நம்பினால்தான் முதுகைக் கொடுப்பான். என் மகளிடம்கூடப் படுத்ததில்லை."

மறுநாள் அவருக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன். அதற்கப்புறம் தனியாக இருக்க முடியாது என்று கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கும் மகள் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பிடித்திருந்தாள். அங்கே பறவைக்கு அனுமதி இல்லை. ஹாமில்டனில் மக்காவ் வளர்க்கும் ஒருவர், தன்னிடம் இருக்கும் பெண் பறவைக்கு ஆண் தேடிக்கொண்டிருந்தார். அவர் வந்து கேப்டனைக் கொண்டுபோவதாக ஏற்பாடு. அதுவரைக்கும் பறவை ராஜி அக்கா வீட்டில்.

"நல்ல இடம்தான்," என்றார் வால்டர். கொஞ்ச நேரம் கழித்து, "நல்ல இடம்தான்," என்றார்.

"ரெண்டு தடவ சொல்றார் பாரு," என்றாள் ராஜி அக்கா என் காதில். "மனசே இல்ல."

அந்த நேரம் பார்த்து ஹாமில்டன்காரர் போன் செய்தார். பறவை ஆண்தானா, நிச்சயமா என்று கேட்டார் போலிருக்கிறது. "நான் எப்போதும் அவன் என்றுதான் கூப்பிடுகிறேன்," என்ற வால்டர், "இருங்கள், இங்கே ஒரு விலங்கியல் நிபுணர் இருக்கிறார்," என்று போனை என்னிடம் நீட்டிவிட்டார்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வெள்ளைக்காரர் என்னிடம் விலங்கியலில் சந்தேகம் கேட்கிறார். மண்புழு மட்டும்தான் என் பாடம் என்று சொல்ல அது நேரமில்லை. மயிலை நினைத்தேன், சேவலை நினைத்தேன். பளபளப்பு ஆணுக்கு, மங்கல் பெண்ணுக்கு. பறவைப் பாடத்தில் முதல் பக்கமே அதுதான். எதிரே நின்ற பறவையைவிடப் பளபளப்பாக ஒன்றை நான் பார்த்ததில்லை.

"ஆண்," என்றேன். "சந்தேகமே வேண்டாம்."

விஜயதசமி அன்று மத்தியானம் வருவதாக அவர் சொன்னார். விஜயதசமி என்று அவர் சொல்லவில்லை, தேதியைச் சொன்னார். ராஜி அக்கா காலண்டரைப் பார்த்துக் கண்டுபிடித்தாள்.

அடுத்த வேலை கொலுப்படி. எனக்குக் கொலு என்றால் சின்ன வயதில் பெரிய வீட்டு வாசல்களில் பாடி வாங்கிய சுண்டல். படி எதில் நிற்கிறது என்று அப்போது யாரும் காட்டியதில்லை. ராஜி அக்காவின் படி ஆப்பிள் பெட்டியில் நின்றது. ரானுயியில் ஒரு பழத்தோட்டத்தில் பழைய மரப்பெட்டிகளைத் தருவதாகச் சொன்னார்களாம். அவள் வீட்டுக்காரர் நடராஜன் அத்தானின் கார் மெக்கானிக்கிடம் கிடந்ததால், நாங்கள் இரண்டு பேரும் ரயிலில் போய் ஆளுக்கு ஒரு அடுக்குப் பெட்டியோடு ரயிலிலேயே திரும்பினோம்.

கார்டு எங்களைச் சுற்றிவந்து பார்த்தார். "வீடு மாறுகிறீர்களா?"

"நாங்க மாறல, சாமி வருது," என்று ராஜி அக்கா தமிழில் சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில், "விருந்தாளிகள் வருகிறார்கள், உட்கார இடம் வேண்டும்," என்றாள்.

"நாற்காலி வாங்குவது நல்லது," என்றார் அவர்.

ஏவன்டேல் ஸ்டேஷனில் ராஜி அக்காவின் தோழி பவளம் அக்கா வேனோடு காத்திருந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி, அந்த ஊர்வாசி. சேலைக்கு மேலே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வேன் ஓட்டும் தமிழ்ப் பெண்ணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒவ்வொரு வளைவிலும் பெட்டிகள் என் மடிக்கு வந்தன.

"பயப்பிடாதேயும் பிள்ளை," என்றாள், ரோட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்து. "இஞ்ச றோட்டில மாடு வராது. அதுவே பெரிய காரியம்."

பெட்டிகளை அடுக்கி, மேலே பலகை போட்டு, அத்தானின் வெள்ளை வேட்டியை விரித்ததும் கொலுப்படி வந்துவிட்டது. வேட்டியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே இருட்டான குகை. மேல்படியில் கலசமும் மரப்பாச்சி ஜோடியும், அப்புறம் நான் கொண்டுவந்த சாமிகள், கீழே செட்டியாரும் ஆட்டு மந்தையும். பார்க்க வரும் பெண்களுக்கு வெற்றிலை பாக்கு, பழம், வளையல் வைத்துத் தாம்பூலம். ஆண்களுக்குச் சுண்டல் மட்டும். விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்தால் கொலு முடிந்தது. அதுவரை படியிலிருந்து ஒன்றையும் எடுக்கக்கூடாது. இவ்வளவையும் ராஜி அக்கா சட்டம்போலச் சொல்லிக் கொடுத்தாள். வெற்றிலைக்கு அங்கே எங்கே போவது என்றேன். ஃபிஜிக்காரர் ஒருவரின் கடையில் சொல்லி வைத்திருந்தாள்.

கேப்டனின் கூண்டு கொலுவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பொழுது சாய்ந்ததும் அது கூவியது. கிளி என்றால் கொஞ்சும் என்று நினைத்திருந்தேன். இது ரயில் இன்ஜின் ஊதுவதுபோல ஊதியது. லலிதா சகஸ்ரநாமம் சொல்லிக்கொண்டிருந்த ராஜி அக்கா நடுவில் இரண்டு நாமங்களை விட்டுவிட்டாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நிபுணர் நான்தானே. "கூண்டைத் திறந்து விடுங்க. பக்கத்துல இருட்டா, மூடின மாதிரி ஒரு இடம் இருந்தா அமைதியாயிடும்," என்றேன். அத்தான் கூண்டைப் படியோடு ஒட்டி வைத்து, வேட்டியின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டார். கேப்டன் உள்ளே எட்டிப் பார்த்தது. அமைதியானது. நான் எல்லோரையும் ஒருமுறை பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேல் சந்தைக்குப் போனோம். பச்சை மிளகாய் அங்கே தங்கத்துக்கு அடுத்தது. ராஜி அக்கா பேரம் பேசி ஒரு சின்னப் பை வாங்கி வந்து, சமையல் மேடையில் வைத்துவிட்டுக் கொத்தமல்லியைக் கழுவித் திரும்புவதற்குள் கேப்டன் பாதியை முடித்திருந்தது. ஒரு காலில் நின்று, மறு காலில் மிளகாயைப் பிடித்துக்கொண்டு, நாம் வெள்ளரிப் பிஞ்சு தின்பதுபோலத் தின்றது.

"பறவைக்கு உறைப்பு தெரியாதுக்கா," என்று விளக்கினேன். "மிளகாயே அது நாட்டுச் செடிதான். தென் அமெரிக்காவிலருந்துதான் நமக்கு வந்துச்சு."

"உறைப்பு தெரியலைன்னா அப்புறம் எதுக்குடி மிளகா திங்குது?" என்றாள் ராஜி அக்கா. இதற்குப் பதில் நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அதனால் திங்கட்கிழமை பல்கலைக்கழக நூலகத்தில் மண்புழு அலமாரியைத் தாண்டிப் பறவை அலமாரிக்குப் போனேன். மக்காவ் பற்றித் தலையணை அளவுக்கு ஒரு புத்தகம் கிடைத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தேன். அமேசான் நதிப்பக்கத்துச் சதுப்புக் காடுகளில், தண்ணீரில் நிற்கும் பனைமரங்களுக்கு நடுவே வாழ்கிறது. விரல்கள் முன்னே இரண்டு, பின்னே இரண்டு. அதனால்தான் கால் கையாகவும் வேலை செய்கிறது. நாக்கு காய்ந்து கறுத்து ஒரு விரல்போல. அதனால் கொட்டையை அலகுக்குள் புரட்டிப் புரட்டி உடைக்கும். கன்னத்துக் கோடுகள் நம் கைரேகைபோல, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. ஜோடி சேர்ந்தால் பிரிவதில்லை. காட்டில் மூன்று பறவைகள் ஒன்றாகப் பறந்தால் அது அப்பா, அம்மா, பிள்ளை. மனம் பொங்கினால் அந்த வெள்ளைக் கன்னம் சிவக்கும் என்றும் எழுதியிருந்தது. அதை நான் நம்பவில்லை.

பக்கத்தைத் திருப்பினேன். 'ஆணுக்கும் பெண்ணுக்கும் தோற்றத்தில் வேறுபாடு இல்லை. பார்த்துச் சொல்ல இயலாது' என்ற பொருளில் ஒரு வரி.

புத்தகத்தை மூடினேன். சுற்றிலும் யாரும் பார்க்கவில்லை. இரண்டில் ஒன்று சரியாக இருக்க வேண்டும், நான் சொன்னது சரியாக இருக்கப் பாதி வாய்ப்பு இருக்கிறது, பரீட்சையில் இதைவிடக் குறைந்த வாய்ப்பில் நான் பாஸ் செய்திருக்கிறேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, புத்தகத்தை என் பெயரில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்தால் வாசல் கோலத்தைக் காணோம். ராஜி அக்கா சுண்ணாம்புக் கட்டியால் போட்டிருந்த கோலத்தைக் கேப்டன் புள்ளி புள்ளியாகச் சுரண்டித் தின்றுவிட்டது. மறுநாள் செட்டியாரின் தொந்தியைக் காணோம். நான்கு அதிகாரிகளிடம் தப்பித்த தொந்தி. வண்ணத்தை அழகாக உரித்துக் கீழே துப்பிவிட்டு, மண்ணை மட்டும் கரண்டியிருந்தது.

"மக்காவுங்க ஆத்தங்கரைக்குப் போய்க் களிமண் திங்குமாம், புத்தகத்துல இருக்கு," என்றேன். "கூட்டம் கூட்டமா வந்து கரையில தொங்கிக்கிட்டுத் திங்குமாம்."

"ஆத்தங்கரையில போய்த் திங்கச் சொல்லு. எங்க செட்டியாரை ஏன் திங்கணும்?"

அத்தான் சோபாவின் காலைக் காட்டினார். அதிலும் அலகுத் தடம். "இது போகட்டும்மா சீக்கிரம்," என்றார். அவர் காலையில் ஆறு மணி ஷிஃப்டுக்குப் போகிறவர். இன்ஜின் கூவல் அவருக்குத்தான் முதலில் கேட்கும்.

கொலு பார்க்க வந்தவர்கள் கிளியைப் பார்த்தார்கள். குழந்தைகள் சாமி பக்கம் திரும்பவே இல்லை. பாடச் சொன்னால் முடியாது என்று ஆங்கிலத்தில் சொன்னார்கள். பவளம் அக்கா நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, "உது கிளியோ, கலியாணச் சீலையோ?" என்றாள். "வடிவெண்டால் வடிவு. ஆனா ராஜி, உன்ர செட்டியாருக்கு என்ன, வருத்தமோ, காய்ச்சலோ? இப்பிடி மெலிஞ்சு போனார்."

ஏழாம் நாள் கேப்டன் வேட்டிக்கு அடியில் போனது, வெளியே வரவில்லை. உள்ளே ராத்திரியெல்லாம் மரம் பிளக்கும் சத்தம். எட்டாம் நாள் விளக்கேற்றப் போன ராஜி அக்காவை உள்ளிருந்து சீறியது. அதற்கப்புறம் கலசத்துக்குப் பூ வைப்பதை அவள் எட்ட நின்று, பந்து எறிவதுபோலச் செய்தாள். நான் பெட்டி இடுக்கில் கடலையை நீட்டினேன். விரல் நுனியில் ரத்தம் வந்ததுதான் மிச்சம். சாப்பிடவில்லை. நாளை மறுநாள் ஹாமில்டன்காரர் வருகிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வால்டர் போன் செய்து, "பையன் எப்படி இருக்கிறான்?" என்று கேட்டார். "அமைதியாக இருக்கிறான்," என்றேன். அது பொய்யில்லை.

ஒன்பதாம் நாள், புத்தகத்தில் பார்த்துவிடலாம் என்று தேடினேன். என் மேசையில் இல்லை.

"சரஸ்வதி பூஜைக்கு வச்சுட்டேன்," என்றாள் ராஜி அக்கா. கணக்கு நோட்டு, பஞ்சாங்கம், அத்தானின் இன்ஜினியரிங் புத்தகங்கள், எல்லாவற்றுக்கும் மேலே சந்தனப் பொட்டோடு மக்காவ் புத்தகம், இரண்டாம் படியில்.

"அக்கா, பறவைக்கு என்னமோ ஆயிருச்சு. அத நான் படிக்கணும்."

"இன்னிக்கு யாரும் படிக்கக் கூடாதுடி. நாளைக்குக் காலைல எடுத்துத்தான் படிக்கணும். எம்.எஸ்ஸி. படிச்சவ, இது தெரியாதா உனக்கு?"

எடுக்கலாம் என்று நான் நினைத்தாலும் படியை நெருங்க முடியாது. ஆகவே, பறவைக்கு என்ன என்று சொல்லக்கூடிய ஒரே புத்தகத்துக்கு அந்தப் பறவையே காவல் இருந்தது. சரஸ்வதிக்குப் பொங்கல் வைத்துவிட்டு, எல்லோரும் உட்கார்ந்து மரம் பிளக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

விஜயதசமி காலையில் அத்தான் அடுப்புக் கையுறையை மாட்டிக்கொண்டு புத்தகத்தை எடுத்துத் தந்தார். சந்தனம் ஒட்டிய பக்கங்களைப் பிரித்தேன். 'உச்சி முறிந்து பட்டுப்போன பனையின் பொந்தில் கூடு வைக்கும். குச்சி கொண்டு வராது. உள்மரத்தைக் கடித்துத் தூளாக்கி மெத்தை போடும். அந்தப் பருவத்தில் பெண் பறவை சுண்ணாம்புச் சத்துக்கு அலையும்.' வாசல் கோலத்தை நினைத்தேன். ராஜி அக்காவிடம் டார்ச்சை வாங்கிக்கொண்டு தரையில் படுத்து, வேட்டியின் பின்பக்கத்தைத் தூக்கினேன். ஆப்பிள் பெட்டி ஒன்று அவல்போலத் தூளாகிக் கிடந்தது. அதன் நடுவில் கேப்டன். நெஞ்சு மஞ்சளுக்கு அடியில், வெள்ளையாக, ஒரு முட்டை.

"என்னடி தெரியுது?" என்றாள் ராஜி அக்கா.

"அக்கா, இது பொண்ணு."

அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பெட்டிக்காகவோ செட்டியாருக்காகவோ என்று நினைத்தேன். "ஒம்பது நாளும் வீட்டுல ஒரு பொண்ண உக்கார வச்சுக்கிட்டு," என்றாள், "வெறும் சுண்டலக் குடுத்து அனுப்பியிருக்கேனே. ஒரு தாம்பூலம் குடுக்கலையே."

வால்டரிடம் சொல்வது என் பொறுப்பு. தூக்குச்சட்டியில் சுண்டலோடு பஸ் ஏறினேன். இப்போது என் கை பஸ்ஸுக்கு நன்றாக நீண்டது. வழியெல்லாம் ஆங்கிலத்தில் வாக்கியம் செய்துகொண்டே போனேன். அவர் கட்டிலில் சாய்ந்து, ஆஸ்பத்திரி ஜெல்லியை ஸ்பூனால் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேப்டன் முட்டை போட்டிருக்கிறது," என்றேன். செய்து வைத்த வாக்கியங்கள் எல்லாம் போய்விட்டன.

அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். "இத்தனை வருஷமும்," என்றார், "அவள் முன்னால்தான் நான் உடை மாற்றினேன்."

அப்புறம் சிரித்தார். தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார். நர்ஸ் வந்து என்னை முறைத்தாள். அவர் சிரித்து முடித்ததும், "இனி பெயரை மாற்ற வேண்டுமா?" என்றேன். "கேப்டன் என்பது பதவி," என்றார். "பிறந்த உடம்பைப் பார்த்துக் கொடுப்பதில்லை." பிறகு கொஞ்சம் தயங்கி, "இப்போது அவளைக் கூண்டில் அடைத்துக் கொண்டுபோனால் என்ன ஆகும்?" என்று கேட்டார்.

இந்த முறை புத்தகம் கையில் இருந்தது. குஞ்சு வராத முட்டைதான். ஆனாலும் அதைப் பிடுங்கினால் இன்னொன்று போடும், உடம்பு கெடும். நாலு வாரம் அடைகாத்து, தானாகவே சலித்து எழுந்து வரவேண்டும். ஆண் துணைதான் பொந்துக்கு வந்து ஊட்டும். வேறு யார் கொடுத்தாலும் வாங்குவது கஷ்டம். இதைச் சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பு போய் வேறு ஒன்று வந்தது.

மத்தியானம் ஹாமில்டன்காரர் பெரிய கூண்டோடு வந்து இறங்கினார். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் வேட்டியைத் தூக்கிக் கையை விட்டார். கேப்டன் அவருக்குக் கட்டைவிரலில் பதில் சொன்னது. விரலைச் சப்பிக்கொண்டே குனிந்து பார்த்தவர், முட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னிடம் ஏற்கெனவே ஒரு பெண் இருக்கிறது. போனில் பேசிய நிபுணர் நீங்கள்தானே?"

"நான் மண்புழுவுக்குத்தான் நிபுணர்," என்றேன். அந்த நாட்டில் அதை நான் ஒப்புக்கொண்டது அன்றுதான். ராஜி அக்கா அவருக்குச் சுண்டல் கொடுத்தாள். கைக்குக் கட்டும் போட்டாள். வடக்கே ஒருவரிடம் ஆண் பறவை ஒன்று இருக்கிறது, அவரிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வெறுங்கூண்டோடு போனார்.

அன்று ராத்திரி மரப்பாச்சியைப் படுக்க வைக்க வேண்டும். "அது அடியில முட்டையோட இருக்கு, படிய எப்படிப் பிரிக்கிறது?" என்றார் அத்தான்.

ராஜி அக்கா பவளம் அக்காவுக்குப் போன் போட்டாள். பக்கத்தில் நின்ற எனக்கே அந்தக் குரல் கேட்டது. "பிரிக்கவோ? ஓம், நல்லாப் பிரி. பிள்ளைத்தாச்சியை வீட்டால எழுப்புற ஊரோ உங்கட ஊர்?"

ராஜி அக்கா போனை வைத்தாள். "பொம்மையப் படுக்க வச்சாத்தானே கொலு முடியும்?" என்றாள். "நான் படுக்க வைக்கல."

அவ்வளவுதான். அந்த வருஷம் த்ரீ கிங்ஸில் நவராத்திரி முடியவில்லை. தீபாவளி வந்தது, போனது, கொலு இருந்தது. கொலு இருப்பதால் தினமும் விளக்கு, தினமும் சுண்டல். கொண்டைக்கடலை, பட்டாணி, காராமணி என்று சுற்றி வந்தோம். அத்தான் ஆபீஸ் டப்பாவைத் திறக்காமலே என்ன என்று சொல்லக் கற்றுக்கொண்டார். முதல் வேலையாக ராஜி அக்கா கேப்டனுக்குத் தாம்பூலம் வைத்தாள்: பழம், தேங்காய்ப் பத்தை, ஒரு கண்ணாடி வளையல். பழத்தையும் தேங்காயையும் விட்டுவிட்டு வளையலை உள்ளே இழுத்துக்கொண்டது.

வால்டர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக முதியோர் இல்லத்துக்குப் போனார். மவுண்ட் ராஸ்கில்லில்தான், பக்கம். தினமும் மத்தியானம் ஊன்றுகோலோடு பஸ்ஸில் வந்து கொலுவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்வார். வேட்டி ஓரத்தைத் தூக்கி, சுண்டலை ஒவ்வொன்றாக நீட்டுவார். உள்ளேயிருந்து கறுப்பு அலகு வந்து மெதுவாக வாங்கிக்கொள்ளும். முதல் நாள் அவர் குரலைக் கேட்டுக் கேப்டன் தலையை வெளியே நீட்டியபோது நான் பக்கத்தில் இருந்தேன். அந்த வெள்ளைக் கன்னத்தில், கோடுகளுக்கு நடுவே, இளஞ்சிவப்பு பரவியது. புத்தகம் சொன்னது நிஜம்.

அவர் போனபிறகு, மற்ற நேரமெல்லாம் கேப்டனுக்கு ராஜி அக்காதான். கையுறையோடு ஆரம்பித்தாள். பத்து நாளில் கையுறை போனது. திட்டிக்கொண்டேதான் ஊட்டினாள். "செட்டியாரத் தின்ன வாய்தானே, இந்தா, பட்டாணியத் தின்னு."

என் பயிற்சி முடிந்து மறுநாள் ஊருக்குக் கிளம்ப இருந்தேன். அன்று கேப்டன் முட்டையைக் காலால் ஒதுக்கிவிட்டு, மரத்தூளோடு வெளியே நடந்து வந்து, ஒரு பெரிய கூவல் போட்டது. வடக்கேயிருக்கும் ஆள் தயார் என்று ஹாமில்டன்காரர் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். வால்டர் வழக்கமான நாற்காலியில் இருந்தார். "அதுவும் நல்ல இடம்தான்," என்றார். இரண்டாவது தடவை சொல்லவில்லை.

ராஜி அக்கா ஆரத்தி எடுத்தாள். மேல்படி மரப்பாச்சியை எடுக்கப் போனவள், என்ன நினைத்தாளோ, கீழ்ப்படியிலிருந்து தொந்தியில்லாத செட்டியாரை எடுத்துப் பட்டுத்துணியில் மெல்லப் படுக்க வைத்தாள். கேப்டன் படியில் ஏறி வந்து, தலையைச் சாய்த்து, படுத்திருக்கும் செட்டியாரை ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு ராஜி அக்காவின் கைப்பக்கம் நகர்ந்தது. கடிக்கத்தான் போகிறது என்று அத்தான் முன்னே வந்தார். அவள் கையை எடுக்கவில்லை.

கேப்டன் அவள் உள்ளங்கையில் சாய்ந்தது. மல்லாந்தது. இரண்டு கால்களையும் மேலே நீட்டி, சொக்கிப்போய்க் கண்ணை மூடியது.

வால்டர் ஊன்றுகோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எனக்கு ஒரு வருஷம் பிடித்தது," என்றார்.

அத்தான் சோபாவின் காலைப் பார்த்தார், பறவையைப் பார்த்தார். "ஹாமில்டனுக்கு நான் போன் பண்ணி, வேண்டாம்னு சொல்லிடறேன்," என்று எழுந்து போனார்.

ராஜி அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "மாசம் முழுக்க நின்னு சுண்டல் போட்டிருக்கேன்," என்றாள் என்னிடம், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "சும்மாவா படுக்கும்?"